சட்டி வைக்காத வீட்டு நெய் பிஸ்கட்

ஓவனுக்குக் கதவு இருக்கிறது, ஆகவே அது அடுப்பு ஆகாது என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனதார நம்பினேன். ஐம்பதை எட்டிப் பிடித்த ஆள், பட்டுக் கடையில் நாள் முழுக்க நின்று, மாம்பழ நிறம் கேட்டு வந்தவருக்குக் கத்தரிப்பூ நிறத்தைக் கட்டிக் கொடுத்து, அவரையே நன்றியும் சொல்ல வைக்கிற சாமர்த்தியசாலி. அந்தக் கதவை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் வழக்கத்தை ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வழக்கம் இதுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் அந்த வீட்டிலும் பங்காளி வீட்டிலும் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் சுட்டதைத் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற வருஷங்களில் அந்தத் தட்டை வெறுமனே திருப்ப மாட்டோம். நம் வீட்டுப் பலகாரத்தை வைப்போம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போடுவோம். சாவு விழுந்த வருஷம் அதுவும் கூடாது என்பார்கள் எங்கள் தெருவில். தட்டு நிறைந்து வரும், காலியாகத் திரும்பிப் போகும்.

எங்கள் வீட்டில் போனவர் என் அண்ணன். டவுன் பஸ் கண்டக்டர். ஆனி மாதத்தில் ஒரு நாள் மதியம் டூட்டி முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செவிலிமேட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மேலே நானும் என் மனைவியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அழுகை வரும் வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. பந்தல்காரருக்கு டீ போயிற்றா, பிளாஸ்டிக் நாற்காலிகளை யாராவது வெயிலில் விட்டுவிட்டார்களா, இதுதான் என் கவலையாக இருந்தது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது, இல்லையா? அப்படி. சரி, ஊசி இறங்கட்டும் என்று பார்த்தேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, இறங்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை. மனைவி வைத்த குழம்பை "சூப்பர்" என்பேன். அவள் வைக்காத அன்றும் பழக்கத்தில் "சூப்பர்" என்றுவிட்டு மாட்டிக்கொண்டேன். கடையில் மட்டும் வழக்கம்போல் ஜோக் அடித்தேன், வந்தவர்கள் சிரித்தார்கள். ஜோக் அடிக்கிற நரம்பு வேறு பக்கமாக ஓடுகிறது போலிருக்கிறது.

அண்ணி நெய் பிஸ்கட் போடுவார். ஏனாத்தூர்ப் பக்கம் பெண்களுக்கு நடந்த ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டது. முதலில் பழைய குக்கரில் மணலைக் கொட்டி, வெயிட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே தட்டு வைத்துச் சுட்டார். அதன் பிறகு அண்ணன் ஒரு தீபாவளி போனஸில் ஓவன் வாங்கிக் கொடுத்தார். பண்டிகைக்குத் தெருவில் எல்லார் வீட்டு முறுக்கும் எல்லார் வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் எந்த டப்பாவில் யார் வீட்டு முறுக்கு என்று சுட்டவர்களுக்கே தெரியாது. அண்ணியின் பிஸ்கட் மட்டும் இன்னார் வீட்டுடையது என்று தெரியும். அது வந்தால்தான் தீபாவளி என்று சொல்லிக்கொண்டு சில வீடுகளில் வெறும் தட்டைத் தயாராகவே வைத்திருப்பார்கள். புது வருஷத்துக்குக் கேக் சுடுவார், எங்கள் கடை ஊழியர்கள் கூடித் தின்கிற சின்ன விருந்துக்கும் சேர்த்து.

அண்ணனுக்கும் அதில் ஒரு வேலை உண்டு. முதல் தட்டு ஓவனிலிருந்து எட்டிப் பார்க்கும்போதே ஒன்றை எடுத்து, ஊதி ஊதி உடைத்து, பாதியை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். பிறகு, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். ஸ்டாண்டில் ஓடிவருகிற ஆளுக்காக வண்டியை நிறுத்தி வைக்கிற தோரணை. ஒவ்வொரு வருஷமும் அதே இரண்டு நிமிஷம்தான். அதற்கு அண்ணி என்ன செய்தார் என்று நான் கவனித்ததே இல்லை. மீதிப் பாதிக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கீழே போனேன். அண்ணி ஓவனை மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததும் மறுபடி துண்டைப் போட்டு மூடினார்.

"இந்த வருசம் தட்டு உள்ள வர்றது மட்டுந்தான், இல்ல தம்பி?" என்றார். "வெறும் தட்டைக் கழுவிக் குடுக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் போனதற்குப் பிறகு அண்ணி தானாக எடுத்துப் பேசிய முதல் பேச்சு அது. நான் மாடிக்கு ஏறினேன், பாதிப் படியிலேயே எனக்கு ஓவனின் கதவு ஞாபகத்துக்கு வந்தது.

"ஓவன்ல எண்ணெ இருக்குதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"இல்ல."

"சட்டி இருக்குதா?"

"தட்டு இருக்குது."

"சட்டி இருக்குதான்னு கேட்டேன்."

"இல்லங்க."

"எரியற நெருப்பு கண்ணுக்குத் தெரியுதா? கதவு மூடியிருக்குது. அப்போ அது அடுப்பே இல்ல. அதுல சுட்டா பலகாரமும் இல்ல. எந்த சாஸ்திரத்துல ஓவன் வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்," என்றாள். "கேஸு தோத்துக்கினே இருக்கும், ஆனா கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சுக்கினு இருப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தமாசு போதும். அக்கா இப்பதான் எழுந்து தலை வாரிக்கிறாங்க. ஆசை காட்டி சுட வச்சு, நாலு பேரு வேணாம்னு திருப்பிட்டா, அந்த ஓவனை அவங்க இனிமே தொட மாட்டாங்க. எதையுமே தொட மாட்டாங்க. அந்த முகத்த நீங்கதான் பார்க்கணும்."

அவள் சொன்னது சரி. ஆனால் நான் அதற்குள் அண்ணியிடம் சொல்லியாயிற்று. மாடிப்படியிலிருந்தே சத்தம் போட்டுவிட்டுத்தான் ஏறியிருந்தேன்.

அண்ணி என் வாதத்தை முழுக்கக் கேட்டார். மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "மைதா பழசாயிருக்கும். புதுசா வாங்கியாங்க," என்றார்.

நெய்யையும் சர்க்கரைத் தூளையும் பேசினில் போட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் மாதிரி வெளுக்க வைக்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பிறகு மைதா, ஏலக்காய், சிட்டிகை சோடா. முன்பெல்லாம் தேய்க்கும்போது அண்ணி பேசிக்கொண்டே இருப்பார்: எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு முந்திரி வைத்தது, யாருக்கு வைக்காதது. இந்த முறை கை மட்டும் ஓடிற்று. மனைவி உருண்டை பிடித்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஓவன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டைகள் மெல்லப் பரந்து, மேலே வெடிப்பு விட்டன.

அண்ணி கதவைத் திறந்து, தட்டை அரையாக இழுத்து, ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாருங்க தம்பி."

அந்த வேலை எனக்கு வரும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. உடைத்தேன். பாதியை வாயில் போட்டேன். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இனிப்பா, உப்பா, வெந்ததா, வேகாததா, ஒரு தகவலும் நாக்கிலிருந்து வரவில்லை. இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனைப் போல, எனக்குத் தெரிந்த ஒரே விடையைச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். அடுத்தடுத்த தட்டுகளையும் அதே மாதிரி இரண்டு நிமிஷம் கூடுதலாக வைத்தார். எல்லா பிஸ்கட்டும் அடியில் கொஞ்சம் கறுத்தே வந்தன.

எதில் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் என் அடுத்த மேதைத்தனம். கடையில் புடவைப் பெட்டியின் டிசைன் மாறியிருந்தது. பழைய அட்டைப் பெட்டிகள் பரணில் குவிந்து கிடந்தன. முதலாளியைக் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். உள்ளே பட்டர் பேப்பர் விரித்து, பிஸ்கட்டை வரிசையாக அடுக்கி, மூடி, புடவைக்குப் போடுகிற அதே முடிச்சைக் கயிற்றில் போட்டேன். அந்த முடிச்சு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் வரும். பார்க்க லட்சணமாக இருந்தது.

முதல் பெட்டி அண்ணியின் பிறந்த வீட்டுக்கு. ஓரிக்கையில் அவருடைய தம்பி இருக்கிறான், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். காலையில் அந்தப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில், அண்ணனோடு வேலை பார்த்த டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்று கடையில் ஐப்பசி முகூர்த்தக் கூட்டம். ஒரு கல்யாண வீட்டாருக்கு அரக்குப் புடவையை என் தோளிலேயே போட்டு முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது.

"உடனே வாங்க. ஓரிக்கைத் தம்பி கேட்டாண்ட வந்து நிக்குது. கையில நம்ம பொட்டி. உள்ள வரவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் செவந்துக் கிடக்குது."

அந்த நிமிஷம் என் மூளை என்னென்ன செய்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நெய் கெட்டுப்போயிருந்திருக்கும், அவன் வீட்டில் எல்லாரும் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். இல்லை, சோடாவுக்குப் பதில் வேறு எதையோ போட்டுவிட்டோம். அந்த மைதாவை வாங்கி வந்தவன் நான். போலீஸ் வந்தால் ஓவனுக்குக் கதவு இருக்கிறது என்று சொல்லலாமா? படியில் இறங்கி ஓடினேன். வாசல் வாட்ச்மேன் என் கையைப் பிடித்து, "சார், பொடவை!" என்றார். முந்தானை காற்றில் பறக்க, கல்யாணப் பெண் மாதிரி தெருவில் இறங்கியிருந்தேன். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கோயில் வாசலில் டூரிஸ்ட் பஸ் ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிப்பதற்குள் நான் ஜெயிலுக்குப் போய்த் தண்டனை முடிந்து திரும்பியும் வந்துவிட்டேன்.

அவன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். பெட்டியை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான். கயிறு பிரிக்கப்படவில்லை.

"இன்னாப்பா, உள்ள வா," என்றேன்.

"வர மாட்டேன் மாமா. நாங்க எதுல கொற வச்சோம், அத்த சொல்லுங்க. அக்காவுக்குப் போட்ட கோடிய திருப்பி அனுப்பிச்சிட்டீங்களே. அதுவும் பஸ்ல போட்டு! நேர்ல வந்து வேணாம்னு சொல்லக்கூட மனசு வரலியா?"

கணவன் போன பெண்ணுக்குக் காரியத்தன்று பிறந்த வீட்டார் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்துவார்கள். நீ எங்கள் வீட்டுப் பெண்தான், இன்னமும் நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். அதைத் திருப்பி அனுப்பினால் உங்கள் உறவே வேண்டாம் என்று ஆகும். என் அக்காவுக்குப் பட்டுதான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்று, எங்கள் கடைக்கே வந்து வாங்கினான் அவன். மடித்து, பெட்டியில் வைத்து, கயிறு கட்டிக் கொடுத்தவன் நான். அதே பெட்டி. அதே முடிச்சு. நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறவனுக்குப் பெட்டி கண்ணில் படுவதில்லை.

"தொறந்து பார்த்தியாப்பா?"

"எதுக்குத் தொறக்கணும்? கயித்தப் பிரிச்சா வாங்கிக்கினதா ஆயிடுமே!"

என்னை விடப் பெரிய வக்கீல்.

"நெய் வாசன வருதுன்னு எங்க வூட்டுல அப்பவே சொன்னா," என்றான். "பொடவைய சமையல் ரூம்ல வச்சிருந்தாங்க போலன்னு நான்தான் சொன்னேன். ஒரு நல்ல எடத்துலகூட வைக்கலியேன்னு அதுக்கும் சேத்து அழுதா."

அண்ணி வெளியே வந்தார். வாசற்படி தாண்டி கேட்டு வரைக்கும் வந்தார்.

"பிரிடா," என்றார்.

"அக்கா…"

"மொதல்ல பிரிச்சுப் பாருடா."

என் முடிச்சு அவன் விரலுக்கு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். மூடியைத் திறந்தான். பஸ் போன பாதையில் இருக்கிற வேகத்தடை எல்லாம் பெட்டிக்குள் தெரிந்தது: பாதி பிஸ்கட், பாதி தூள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிஸ்கட்டா?"

"தீபாவளி வருதில்ல," என்றார் அண்ணி.

"சட்டி வைக்கக் கூடாதேக்கா."

இதோ என் கட்டம் வந்தது. "அது ஓவன்பா. அதுக்குக் கதவு இருக்குது…" என்று ஆரம்பித்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மென்றான். இன்னொன்றை எடுத்தான்.

"அடி கருகிக்கீதுக்கா," என்றான்.

"ரெண்டு நிமிசம் அதிகமா வச்சுட்டேன்." அண்ணி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உங்க மாமா வருசா வருசம் சொல்லுவாரு, இன்னும் ரெண்டு நிமிசம்னு. ஒரு வருசம்கூட நான் கேட்டதில்ல. அப்பவே எடுத்துடுவேன். அதான் பதமா வரும். இந்தத் தரம் தம்பி அதே மாதிரி சொன்னாரு. சரி, ஒரு தரமாச்சும் கேப்போம்னு வச்சேன்."

அவன் வாய் நிறையத் தூளோடு அழுதான். அண்ணியும் அழுதார். மாடியிலிருந்து இறங்கி வந்த என் மனைவி பாதிப் படியில் நின்று அழுதாள். நான் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மூடியில் கடையின் பெயர் தலைகீழாக இருந்தது. அதை நேராகத் திருப்பிப் பிடித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான், டீ குடித்தான். கிளம்பும்போது, "தூளாவாத பொட்டி இன்னொன்னு இருக்குதா மாமா? வூட்டுல நம்ப மாட்டா," என்றான்.

அவன் போனதும், அடுக்கி வைத்திருந்த மற்றப் பெட்டிகளை எல்லாம் அண்ணி பிரித்தார். பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினார். "பொட்டி வேணாம் தம்பி. யார் கையிலயும் குடுத்தனுப்பவும் வேணாம். அவங்க தட்டு கொண்டாந்தா, அந்தத் தட்டுலயே போட்டுக் குடுக்கிறேன். வேணாம்றவங்க என் முகத்தப் பார்த்து சொல்லட்டும்."

நாலு பேர் திருப்பிவிட்டால் என்ன ஆவது என்று மனைவி காட்டிய பழைய பயம் எனக்குப் புதிதாக வந்தது. தீபாவளியன்று காலையிலேயே கீழே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன்: எண்ணெய் இல்லை, சட்டி இல்லை, நெருப்பு தெரியாது, கதவு உண்டு.

முதலில் எதிர்வீட்டம்மா வந்தார். தெருவில் மூத்தவர். அதிரசத் தட்டை அண்ணி வாங்கி உள்ளே போய், அதிரசத்தை எடுத்துவிட்டுத் தட்டில் பிஸ்கட்டை வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அந்தம்மா தட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எடுத்து அண்ணியின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இந்த வருசம் வேணாம்மா. அடுத்த வருசம் குடு, ரெண்டு மடங்கா வாங்கிக்கிறேன்."

"சரிங்கம்மா," என்றார் அண்ணி.

நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். வெளியே வந்து பேசவில்லை. தயார் செய்த பேச்சில் முதல் சொல்லே மறந்துபோயிருந்தது. அண்ணி உள்ளே வந்து, திரும்பி வந்த பிஸ்கட்டுகளை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்குக் காத்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் வாங்கி, முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு போனாள். ரயில்வேயில் வேலை பார்க்கிறவரின் மனைவி வாங்கிக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தாள். சாயங்காலம் காக்கைகள் வந்து கொத்தும்வரை அது அங்கேயே இருந்தது. தெருக்கோடி வீட்டுப் பெண் அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்து, "இன்னாக்கா, அடி புடிச்சிக்கினுச்சா? நீங்களா சுட்டீங்க?" என்று சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணியின் முகத்தில் ஏதோ அசைந்தது. அது சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓவன் அடுப்பா இல்லையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் எப்படியும் வாங்கியிருப்பார்கள். வாங்காதவர்கள் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள். மத்தியானம் அண்ணி ஜன்னல் மேடையில் இருந்த பிஸ்கட்டுகளைத் தானே எடுத்து டீயில் தொட்டுச் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். ஓவன் மேல் துண்டைப் போட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். வெறுமனே களைப்பாக இருந்தது.

மார்கழி பிறந்ததும் அண்ணி உலர் திராட்சையை ஊற வைத்தார். வருஷக் கடைசியில் ஓவனின் துண்டை எடுத்துவிட்டுக் கேக் சுட்டார். கதவைத் திறந்து, ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். வாயில் போட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றேன்.

அண்ணி கேட்கவில்லை. அப்போதே எடுத்துவிட்டார்.